துளை இல்லாத பெட்டி

திர்ஸா பாரக்ளஃப் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பார்த்தது நாற்பத்து நான்காவது வயதில்தான். அதுவரை இருபத்தாறு வருஷம் ஹேக்ஷா ஊரில் வீடுவீடாகப் போய்த் துணி துவைத்தாள். திங்கள்கிழமை ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. கல் பாவிய தரையில் மரத்தொட்டி முன்னால் நின்றபடி, கீழே ஐந்து கால் முளைத்த தடியைத் துணிக்குள் இறக்கி, இடம் வலமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பளி ஆலைகளின் கரி படிந்த ஊர். காலையில் போட்ட வெள்ளைக் காலர் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் அவளுக்கு வேலை இல்லாத வாரம் என்று ஒன்று இருந்ததில்லை. கை நகங்களைச் சுற்றி வெடிப்பும் வலது தோளில் ஒரு குடைச்சலும் இல்லாத வாரமும் இருந்ததில்லை.

ஈனாக் ஃபெதர் என்ற தச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பியது 1871ஆம் வருஷம் வசந்தத்தில். மாட்டுத்தொட்டியும் வெண்ணெய் கடைகிற பீப்பாயும் செய்துகொண்டிருந்தவர் அவர். சலவை யந்திரம் ஒன்று செய்திருந்தார். எட்டுப் பக்கம் வைத்த மரப்பெட்டி. இரண்டு பக்கமும் முளை வைத்துச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நீளவாக்கில் மரவரிகள், மேலே இறுக்கி மூடும் மூடி, பக்கத்தில் கைப்பிடி. வெந்நீரும் சீவிய சோப்பும் துணியும் போட்டு மூடிச் சுற்றினால், துணி உள்ளே வரிகளில் ஏறி ஏறி விழும். சுற்ற அவருக்கும் தெரியும். துணி வெளுத்ததா இல்லையா என்று சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது.

திர்ஸா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே எடுத்த துணிகளை மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். விரிப்பு கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஆறு வரி அதிகம், நாலு போதும் என்றாள். வரியின் விளிம்பை மழுக்கச் சொன்னாள், சட்டைப் பொத்தான்கள் உடைந்திருந்தன. ஒரு தலையணை உறையில் மிளகளவு பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, உள்ளே எங்கோ இரும்பாணி இருக்கிறது, துருக்கறை ஜென்மத்துக்கும் போகாது என்றாள். ஃபெதர் பெட்டியைப் பிரித்து இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு மரமுளை அடித்தார். அவள் சொன்ன மூன்றையும் கேட்டார். சலவைக்காரி பேச்சைக் கேட்டு ஒரு தச்சர் வேலையை மாற்றியது அந்த ஊரில் பேச்சாகிவிட்டது. திர்ஸாவுக்கு உள்ளூரப் பெருமைதான். நிரந்தரமாகப் பட்டறையில் இருந்துவிடு, வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் முதல் சலவையைச் செய்து காட்டு என்று அவர் சொன்னபோது, மறுநாளே தன் ஐந்து கால் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள்.

நாலாவதாக அவள் ஒன்று சொன்னாள். அதை அவர் கேட்கவில்லை.

தொட்டியில் துவைக்கும்போது கொதிக்கிற தண்ணீரில்தான் ஆரம்பிப்பது. முக்கால் மணி நேரம் தடியைத் திருப்பி முடிக்கும்போது தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்திருக்கும். கை ஓய்கிற நேரத்தில் தண்ணீரும் ஓய்ந்துவிடும். இந்தப் பெட்டியில் பத்து நிமிஷத்தில் துணி வெளுத்துவிடுகிறது. மூடி வேறு சூட்டை வெளியே விடுவதில்லை. அதைத்தான் பெரிய சிறப்பாக ஃபெதர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வேலை முடிந்து மூடியைத் திறக்கையில் தண்ணீர் கொதித்தது கொதித்தபடி இருக்கும். அதை வெளியேற்ற ஒரே வழி, பெட்டியின் வாயைத் தன் பக்கமாகச் சாய்த்துக் கீழே உள்ள தொட்டியில் ஊற்றுவது. கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் ஊற்றும். ஒரு அளவைத் தாண்டிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரத்துணி எல்லாம் முன்பக்கம் சரியும், ஐந்து வாளித் தண்ணீரும் அதோடு வரும். பிடித்து நிறுத்த முடியாது. பட்டறையில் ஒருமுறை அப்படி ஆனபோது அவள் எட்டிக் குதித்துத் தப்பித்தாள்.

“அடியில ஒரு துளை போட்டுத் தக்கை வெச்சிடுங்க ஐயா” என்றாள். “பீப்பாய்க்கு வெக்கிறதில்லையா, அது மாதிரி.”

ஃபெதர் உளியைக் கீழே வைத்தார். “திர்ஸா, என் அப்பா செஞ்ச தொட்டி நாப்பது வருஷமா ஒரு சொட்டு ஒழுகல. பெட்டின்னா தண்ணி நிக்கணும். துளை போட்டுட்டு அதை அடைக்கிறது தச்சு வேலையா? கண்காட்சியில மெடல் குடுக்குறவன் முதல்ல அடியிலதான் தடவிப் பார்ப்பான்.”

“தடவிப் பார்க்கிறவர் துவைக்கப் போறதில்லையே ஐயா.”

“நீயும் துவைக்கப் போறதில்ல இப்போ. அதை நினைச்சுக்கோ.”

அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. பன்றிக் கொட்டடிக்கும் வெண்ணெய்க் கூடாரத்துக்கும் நடுவில் பெட்டியை வைத்து, வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு திர்ஸா சுற்றினாள். ஏழு சுற்று இப்படி, ஏழு சுற்று அப்படி. மெடல் கொடுக்க வந்தவர்கள் கைவிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கூட்டத்திலிருந்து பண்ணைக்காரி ஒருத்தி, இதெல்லாம் சரி, அழுக்குத் தண்ணியை எப்படி வெளியே எடுக்கிறது என்று கேட்டாள். ஃபெதர் திர்ஸாவைப் பார்த்தார். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தொட்டில் மாதிரி சாயும்மா” என்றாள். “ஒரு விரல் போதும்.”

சாய்த்தும் காட்டினாள். தண்ணீர் பதவிசாக ஊற்றியது. கூட்டத்தில் அவள் தங்கை லேயா நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வெண்கல மெடல் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குள் இருபத்து மூன்று பெட்டிகள் போயின. இருபத்து மூன்றாவதை ஃபெதர் திர்ஸாவுக்கே சன்மானமாகக் கொடுத்தார். அவள் இருந்தது ஒற்றை அறை. அதனால் அதைக் கைவண்டியில் ஏற்றி லேயா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

லேயா அக்காவைவிடப் பதினோரு வயது இளையவள். கல்லுடைக்கும் ஜேபஸைக் கட்டிக்கொண்டு பேங்க் தெருவில் குடியிருந்தாள். அந்தத் தெருவில் திங்கள்கிழமை காலை, எதிரும் புதிருமாகக் கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். யார் வீட்டு விரிப்பு முதலில் கயிற்றில் ஏறுகிறதோ அந்த வாரம் முழுக்க அவள் தலை நிமிர்ந்து நடப்பாள். கடைசியாகப் போடுகிறவளைப் பற்றிச் ஜெபக்கூடத்து வாசலில்கூடப் பேச்சு நடக்கும். கல்தூசி அப்பிய ஜேபஸின் துணி ஊறவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், லேயாதான் கல்யாணமான நாளிலிருந்து கடைசி. எதிர்வீட்டுக் கெசியா, “லேயா, இது போன வாரத்துத் துணியா, இந்த வாரத்துத் துணியா?” என்று சன்னலிலிருந்து கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

பெட்டி வந்த முதல் திங்களன்றே லேயாவின் விரிப்பு ஏழு மணிக்கு முன்னால் கயிற்றில் பறந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் கெசியா சன்னலைத் திறக்கவே இல்லை. லேயா அக்கா அறைக்கு ஓடிவந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஓட்ஸ் ரொட்டியைத் தேநீரில் தோய்க்கிறவள் அதை மறந்துவிட, ரொட்டி கோப்பைக்குள் விழுந்து கரைந்துபோனது. திர்ஸாவும் சிரித்தாள். தண்ணி ஆறின பிறகு சாய்டீ என்று வாசல்வரை வந்து சொன்னாள். சரிக்கா, சரிக்கா என்று லேயா போய்விட்டாள்.

ஆறும்வரை காத்திருந்தால் ஏழு மணிக்குக் கயிற்றில் எப்படி ஏறும்? அதைத் திர்ஸாவும் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமலும் இல்லை.

நாலாவது திங்கள், கெசியா நாலரை மணிக்கே கொப்பரைக்கு அடுப்பு மூட்டிவிட்டாள் என்று லேயாவுக்குத் தெரிந்துவிட்டது. புகைபோக்கியில் புகை தெரிந்ததாம். ஜேபஸின் கனத்த சட்டைகளும் இரண்டு விரிப்புகளும் உள்ளே கிடக்க, அப்படியே சாய்த்தாள். துணி முன்னால் சரிந்தது. தொடையிலிருந்து பாதம்வரை கொதிநீர் ஊற்றிவிட்டது. கம்பளிக் காலுறை போட்டிருந்தாள். அதைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. கழற்றியது கெசியாதான். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அவள். அவள் வீட்டு விரிப்பு அன்று சாயங்காலம்வரை தொட்டியிலேயே கிடந்தது.

லேயா பிழைத்துக்கொண்டாள். பதினான்கு வாரம் படுத்திருந்தாள். எழுந்தபோது இடது பாதம் உட்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, புதுத்தோல் உரித்த வெங்காயம் மாதிரி ஊதா நிறத்தில் பளபளத்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்புவரை நடப்பாள். திர்ஸா வந்தால் ஜேபஸ் தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று சாப்பிடுவான். லேயாவும் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு விரல் போதும் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டிருந்தால் திர்ஸாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஃபெதர் சுண்ணாம்புத் தெளிநீரில் ஆளிவிதை எண்ணெய் கலந்து ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் அருகே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும், பாவம், அவசரப்பட்டுட்டா என்றார். மார்ச் மாதம் புதுப் பெட்டி செய்தார். அடியில் துளையும் பித்தளைத் திருகும் வைத்திருந்தார். ‘சாய்க்கத் தேவையில்லை’ என்று துண்டுத்தாள் அச்சடித்தார்.

திர்ஸா அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “பழைய பெட்டிங்க?” என்று கேட்டாள்.

“அதுங்களுக்கென்ன?”

“இருபத்திரண்டு வீட்டுல இருக்கு. ஒரு காயிதமாவது எழுதிப் போடுங்க ஐயா. ஆறாம சாய்க்காதீங்கன்னு.”

“எழுதினா நானே தப்பு பண்ணேன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். மெடல் வாங்கின பெட்டி அது.” கொஞ்சம் குரலைத் தணித்து, “சாயும்னு ஊர் முன்னாடி சொன்னது நான் இல்ல திர்ஸா” என்றார்.

அது உண்மைதான்.

ஒவ்வொரு வீட்டிலும் முதல் சலவையைச் செய்து காட்டியவள் என்பதால் இருபத்திரண்டு வாசலும் அவளுக்குத் தெரியும். பட்டறையிலிருந்து ஒரு துளைக்கருவியை ஏப்ரனுக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டாள். வில்லோ மரத்தில் துளையை அடைக்கும் முளைகள் சீவி, ஃபிளானல் துணி சுற்றி, ஒரு பையில் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் மத்தியானம் பட்டறை மூடியதும் கிளம்பினாள். வரி முடிகிற கீழ்மூலையில் துளை போட்டால் தண்ணீர் மிச்சமில்லாமல் போகும், முளை சட்டத்தில் இடிக்காது. இதை அவள் ஒரு வருஷத்துக்கு முன்பே மனசுக்குள் குறித்து வைத்திருந்தாள்.

சில வீடுகளில் உள்ளே விட்டார்கள், தேநீரும் கொடுத்தார்கள். சில வீடுகளில் ஏற்கெனவே சின்னச் சின்னச் சூடுகள் பட்டிருந்தன. புறங்கை, முழங்கால். தங்கள் கவனக்குறைவு என்று நினைத்து அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. மெடல் வாங்கிய பெட்டியில் ஓட்டை போட உன்னை யார் அனுப்பியது என்று கடைசியாகப் போன மேல்மேட்டில் நாலு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அவர்களில் மாவுமில்காரர் மனைவி அத்தோடு நிற்காமல் ஃபெதருக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள்.

திங்கள் காலை ஃபெதர் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார். துளைக்கருவியைக் கை நீட்டி வாங்கி, ஊதித் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினார்.

“என் மரத்துல என்னைக் கேட்காம ஓட்டை போட்டவளுக்கு இங்க வேலை இல்ல” என்றார். கத்தவில்லை. அவளும் கெஞ்சவில்லை. சுவரில் சாய்த்துவைத்த ஐந்து கால் தடியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முளை அடித்து இறுக்கிக்கொண்டு மறுநாளே துணி துவைக்கப் போனாள். பழைய வீடுகள் பாதிக்கு மேல் கைவிட்டுப் போயிருந்தன. அங்கெல்லாம் பெட்டி வந்துவிட்டது. அவள் கொண்டுபோய் வைத்த பெட்டிதான்.

லேயா வீட்டுப் பெட்டி பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதை உடைத்து விறகாக்கிவிடச் சொல்லி ஜேபஸிடம் கேட்கலாம் என்றுதான் திர்ஸா நினைத்திருந்தாள். லேயா கேட்க விடவில்லை. நின்று தடி திருப்ப இனி தன்னால் முடியாது, உட்கார்ந்தபடி கைப்பிடி சுற்ற முடியும் என்றாள். வேறு வழி இல்லை என்பதை இரண்டு பேரும் அறிந்திருந்தார்கள். கெசியாவின் கணவனிடம் ஒரு துளைக்கருவி இரவல் வாங்கி, மே மாதத்து ஒரு ஞாயிறு மாலை, ஓய்வுநாள் என்றும் பாராமல், திர்ஸா அந்தக் கடைசித் துளையையும் போட்டாள். ஜேபஸ் வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவன் தடுக்கவில்லை.

மறுநாள் காலை லேயா நாற்காலியில் உட்கார்ந்து ஏழு சுற்று இப்படி, ஏழு சுற்று அப்படிச் சுற்றினாள். முடிந்ததும் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். குனிந்து முளையைப் பிடுங்கினாள். விரல் பருமனில் சாம்பல்நிறத் தண்ணீர், ஆவி பறக்க, தொட்டிக்குள் இறங்கத் தொடங்கியது. வெளியே தெருக்கயிறுகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கெசியாவின் விரிப்பு முதலில் இருந்தது.

“ரொம்ப மெதுவாப் போகுதேக்கா” என்றாள் லேயா.

“மெதுவாத்தான் போகும்.”

இரண்டு பேரும் அது முழுக்க வடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்மேட்டுப் பக்கம் துளை இல்லாத பெட்டிகள் நாலு இருந்தன. அங்கேயும் அன்று திங்கள்கிழமைதான்.