பனியன் துணியில் சுற்றிய முறுக்கு

2006 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மேகம் இருந்தது, மழை இல்லை. மேற்கேயிருந்து ஆனிக் காற்று அடித்ததில் தாராபுரம் சாலையின் புழுதி பாதி என் கண்ணாடியின் மேல் இருந்தது. போதை மறுவாழ்வு இல்லத்தின் முன்னறையில் ஆறு நாற்காலிகள். இரண்டு உடைந்தவை. உடையாததில் ஒன்றைத் தேடி உட்கார்ந்தேன். என் பக்கத்தில் பையனின் அம்மா, மடியில் முறுக்குப் பொட்டலத்துடன்.

இல்லத்தின் காப்பாளர் தனியாகத் திரும்பி வந்தார்.

"பையன் வர மாட்டேங்கறானுங்க."

"பெத்தவ வந்திருக்கேன்னு சொன்னீயளா?" என்று அவள் கேட்டாள்.

"சொன்னேனுங்க. முறுக்கும் வேண்டாம், ஆளும் வேண்டாங்கறானுங்க."

"மூஞ்சிய மட்டும் காட்டச் சொல்லுங்க. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

அதற்கும் அவன் வரவில்லை. பதினொன்று ஐந்து வரை இருந்தோம்.

திருப்பூர் வீரபாண்டியில் எனக்கு வரிசையாக நான்கு வாடகை வீடுகள் உண்டு. மின்வாரியத்தில் கணக்கராக முப்பத்தொரு வருடம் இருந்து சேர்த்தவை. மூன்றாவது வீட்டில் அவளும் அவள் மகனும் குடியிருந்தார்கள். தெற்கத்திக்காரர்கள். கணவன் இறந்தபின் பனியன் வேலைக்கு வந்தவள். மகனுக்குப் பதினைந்து வயது. ஒரு பனியன் கம்பெனியில் கையாள் வேலைக்குப் போனான். தைத்த பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் அதை எடுக்க ஒரு மருந்து வைத்திருப்பார்கள். துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஊற்றி அடித்தால் கறை போய்விடும். அதன் நெடி தலைக்கு ஏறும். பையன் அதைத் துணியில் நனைத்து மோந்து பழகிவிட்டான். மார்ச் மாதம் கம்பெனி ஸ்டோரின் பூட்டை உடைத்து ஐந்து லிட்டர் கேனைத் தூக்கினபோது பிடிபட்டான்.

கோவையில் இளைஞர் நீதிக் குழுமம் அவனை விசாரித்தது. மறுவாழ்வு இல்லத்தில் இருந்து குணமாக வேண்டும், அதன் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்போம் என்று ஜாமீனில் விட்டது. ஜாமீன் கொடுக்க வீட்டு வரி ரசீது உள்ள ஆள் அவளுக்கு என்னைத் தவிர யாருமில்லை. ஞாயிறுதோறும் நானும் கூடப் போனேன். ஜாமீன் கொடுத்தவன் ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா. அவன் ஓடிவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள். அந்த நினைப்பில் எனக்கு இரவில் இரண்டு முறை விழிப்பு வரும்.

ஏப்ரலில் பையன் நன்றாகத்தான் இருந்தான். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வருவான். மே நடுவிலிருந்து மாறினான். அந்த ஞாயிறு அவள் கழிவறைப் பக்கம் போனபோது காப்பாளர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஏனுங்கய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. சனிக்கிழம வரைக்கும் தங்கமா இருக்கறானுங்க. அந்தம்மா வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குத் தூக்கமில்ல, சண்ட. போன வாரம் முறுக்கு சுத்தி வந்த துணிய மூஞ்சில வெச்சு அமுத்திட்டுப் படுத்திருந்தான். என்னமோ கொண்டாந்து குடுக்கறாங்கன்னு தோணுது. அறிக்கையில எழுதித்தான் ஆகோணும்."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அம்மாவிடம் அனுப்ப மாட்டார்கள், செங்கல்பட்டில் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றார். விசாரணை வியாழக்கிழமை.

திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சனிக்கிழமை இரவு வேலை முடித்து, விடிந்ததும் அந்தச் சேலையோடே பேருந்து ஏறுகிறவள். எனக்கு வழக்கம்போலத் தலை வலித்தது. காற்று என்று ஜன்னலைச் சாத்தினேன். இன்னும் அதிகமாக வலித்தது.

"ஏம்மா, பையனுக்கு எதுனா குடுத்தியா?"

"குடுத்தேன். முறுக்கு குடுத்தேன். அதுக்கும் கேஸ் போடுவாகளா?"

"கோவிக்காத. கேக்கறாங்கல்ல."

"கேக்கட்டும். பெத்த புள்ளைக்கு வெசம் வைக்கிறவன்னா நெனச்சிய, ஐயா?"

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. நம்பினேன் என்றும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை குழுமத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மாஜிஸ்திரேட் அம்மா, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். மேஜையில் மின்விசிறிக் காற்றுக்குக் காகிதங்கள் பறக்காமல் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வைத்திருந்தார்கள். மூடி சரியாக இல்லை, சிந்திவிடுமோ என்று எனக்குக் கவலை. காப்பாளரின் அறிக்கையை வாசித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஜிஸ்திரேட் பையனைப் பார்த்தார்.

"அம்மா என்னப்பா கொண்டு வந்து கொடுத்தாங்க?"

"ஒண்ணும் தரல."

"அப்புறம் ஏன் அவங்களைப் பார்க்க மாட்டேங்கறே?"

வலப்பக்கத்து உறுப்பினர், வயதானவர், "உங்கம்மாவை இனிமே வர வேண்டாம்னு எழுதிடட்டுமா?" என்றார். அதட்டாமல்தான் கேட்டார்.

"அவ மேல அந்த வாட வருது சார்" என்றான். "சேலையில. முறுக்கு சுத்துற துணியில. அவ போன பொறவும் ரூம்ல இருக்கு. அதான் வராண்டாம்னேன்."

அறையில் யாருக்கும் முதலில் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. மாஜிஸ்திரேட் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். இல்லத்தில் சாப்பாட்டுக்கு மாதம் நானூறு ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. செக்கிங்கில் பனியனைப் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு நாளுக்கு எண்பது ரூபாய். கறை எடுக்கும் மேஜைக்குப் போனால் தொண்ணூறு. மே மாதம் அங்கே மாறியிருக்கிறாள். முறுக்கு சுற்றியது அந்த மேஜையில் கிடந்த பனியன் வேஸ்ட் துணி. எங்கள் ஊரில் அடுப்புத் துடைப்பதும் அதுதான், தலையணைக்குள் அடைப்பதும் அதுதான், பலகாரம் சுற்றுவதும் அதுதான். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் மோந்து பார்ப்பதில்லை.

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சொன்னா வேலைய விட்டுருவா. பொறவு எனக்கு எப்படிக் கட்டுவா?"

"கோட்டிப்பய" என்றாள் அவள். கிறுக்குப்பயலை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

காப்பாளர் எழுந்து, அறிக்கையில் அந்த வரியைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டார். குழுமம் நிபந்தனை போட்டது. அவள் அந்த மேஜையை விட வேண்டும். நன்னடத்தை அலுவலர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதன்பின் பையன் வீட்டுக்கு வரலாம். ஒரு வருடம் கண்காணிப்பு.

கம்பெனியில் பழைய இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பிசிர் வெட்டும் வேலைதான் இருந்தது, அறுபத்தைந்து ரூபாய்க்கு. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, வாடகை குறைந்த இடமாகப் பார்த்துப் போகிறேன் என்றாள். எழுநூறு ரூபாய் வாடகை அவளுக்குக் கட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விலாசம் மாறினால் குழுமத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், நன்னடத்தை அலுவலர் திரும்ப வந்து பார்க்க வேண்டும், அவர் எப்போது வருவாரோ. பையன் அதுவரை அங்கேயே கிடக்க வேண்டும். நான் திரும்பக் கோவைக்கு அலைய வேண்டும். வாடகை நானூறு கொடு, பேசாமல் இரு என்றேன்.

ஆகஸ்டில் பையன் வந்தான். அவனுக்கு வேலை தேடியதுதான் பெரிய பாடு. பிரிண்டிங் பட்டறையில் மண்ணெண்ணெய் நெடி. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை. சாயப்பட்டறையை நினைக்கவே வேண்டாம். திருப்பூரில் நெடியில்லாத வேலைக்கு மூன்று வாரம் நடந்தேன், கால் வீங்கியது. கடைசியில் ஒரு தேங்காய் மண்டியில் ரகம் பிரிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாதம் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் சுருண்டு படுத்துக்கிடந்தான். அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் போனான்.

அடுத்த ஆகஸ்டில் குழுமம் வழக்கை முடித்தது. வெளியே வந்ததும் அவன் அம்மாவின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அன்று மாலை அவள் ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மிச்சம் இருக்குன்னு தெரியும், ஐயா."

"இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பேருந்துக் கட்டணம், பத்திரச் செலவு, பதின்மூன்று மாதம் குறைத்த வாடகை எல்லாம் சேர்த்து, அவள் கொடுத்ததைக் கழித்தால், எனக்கு ஆன செலவு நாலாயிரத்து எண்பத்து நான்கு ரூபாய்.