வராத செய்திக்கும் ஒரு கோடு

குரங்கணிக்கு மேலே மண் சரிந்துவிட்டது என்று ஜீப் ஓட்டுநர் போனில் சொன்னபோது, நம் கருவியிலிருந்து எச்சரிக்கை வரவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். “மேடத்தை அங்க இறக்கி விட்டுட்டுத்தான் சார் வந்தேன்” என்று அவர் சொன்ன பிறகே, என்னோடு அந்தக் கருவியில் வேலை பார்த்த தமயந்தியின் ஞாபகம் வந்தது. அதற்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

அவரோடு கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கருவி தெரியும். ஏலக்காய்த் தோட்டச் சரிவில் மண் நகர்ந்தால் போடியில் உள்ள ஆய்வகத்துக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும். ஒரே செய்தி பல அலைவரிசைகளில் பிரிந்து வரும். மலையில் மோதி வரும் அலைகள் ஒன்றையொன்று அமுக்கிச் சில வரிசைகள் மங்கினாலும், மற்றவை வந்து சேர்ந்துவிடும் என்று நம்பினோம். சிலமலை ஊர்க்காரரான தமயந்தி வகுப்பில் இதை வேறு விதமாகச் சொல்வார்: “லோடைப் பத்து ஜீப்புல பிரிச்சு ஏத்துறோம். ஒண்ணு ரெண்டு கவுந்தா மிச்சம் வந்துரும். பாதையே போச்சுன்னா?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பிழை விகித அறிக்கையை எழுதியவன் நான். பார்க்க மிக அழகான எண். வந்து சேர்ந்த சோதனைச் செய்திகளில் மட்டும் பிழைகளை எண்ணியிருந்தேன். அடியோடு வராதவை என் கணக்கிலேயே இல்லை. தமயந்தி தன் நோட்டோடு வந்தார். வராத ஒவ்வொரு செய்திக்கும் அதில் ஒரு வெறுங்கோடு இழுத்திருந்தார்.

“அண்ணே, மழை பெஞ்ச அன்னைக்குப் பூராம் கோடாத்தான் இருக்கு.”

“பேட்டரி இறங்கியிருக்கும்மா.”

“மழைக்குத்தானண்ணே இந்தச் சோலியே?”

எரிச்சலில் அவரை அனுப்பிவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. புது பேட்டரியை மாட்டிவிட்டு, அடுத்த மழையில் அதைச் சோதிக்கத் தானே மலையேறினார்.

தமயந்தியின் உடலை எடுத்த அதே மண்ணிலிருந்து கருவியையும் தோண்டி எடுத்தபோது பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தது. எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பியதாக அதற்குள் பதிவு இருந்தது. போடிக்கு ஒன்றும் வரவில்லை.

அதே கருவிகள் மற்ற சரிவுகளில் இன்னும் நிற்கின்றன. என் அறிக்கை தவறென்று கடிதம் கொடுத்துவிட்டேன்; பதில் இல்லை. தமயந்தியிடமிருந்து எனக்கென மிஞ்சியது அந்த நோட்டும், வராததை எண்ணும் பழக்கமும்தான். இதை எழுதும்போது மலையில் மழை பிடித்துவிட்டது. நோட்டில் வரிசையாக மூன்று வெறுங்கோடுகள் போட்டுவிட்டேன். தோட்டத்து ஆட்களைக் கீழே இறக்கச் சொல்லி ஜீப் ஓட்டுநருக்குப் போன் செய்துவிட்டேன்.

திரையில் பிழை பூஜ்யம் என்றுதான் இருக்கிறது.