ஆரணியில் ஒரு பாவும் மூன்று பிடி களிமண்ணும்

"கொஞ்சம் போட்டா பலம் வருதுன்னா, கூடப் போட்டா இன்னும் பலம் வருமாங்க சார்?"

கைப்பேசியில் எத்திராஜ் இப்படிக் கேட்டபோது நான் மின்கட்டண வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். "வரும், வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்த ஒருவன் சொன்ன பதில் அது. அதன் விளைவைப் பார்க்கத்தான் 2008 மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வேலூரிலிருந்து ஆரணிக்குப் போனேன்.

எத்திராஜ் பட்டு நெசவாளர். என் மகள் கல்யாணப் புடவையை நெய்தவர். அன்று முதல் பழக்கம். இழை விறைப்பாக நிற்கப் பூசும் அரிசிக் கஞ்சி கோடையில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது, நெய்யும்போது இழை அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் வருத்தப்படுவார். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறார். நீரில் கரையும் பாலிமர் பசைத் தூளையும், நானோ அளவுக்குப் பிரியக்கூடிய களிமண்ணையும் அவரிடம் கேட்டு வாங்கி, கஞ்சிக்குப் பதிலாகப் பூசச் சொல்லி எத்திராஜிடம் கொடுத்தேன். நூறு பங்கு பாலிமருக்கு மூன்று பங்கு களிமண் என்று ஒரு தாளில் எழுதியும் தந்தேன். முதலில் நாலு இழையில் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. அது என் முதல் தவறு.

வேலூர்ப் பேருந்து நிலையத்தில் காலை 6.10க்கு வண்டி. கண்ணமங்கலம் வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்; கட்டணம் பதினான்கு ரூபாய். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். 7.35க்கு ஆரணியில் இறங்கினேன். நெசவாளர் தெருவுக்கு ஆட்டோ இருபத்தைந்து ரூபாய்.

"பட்டு எடுக்கவா சார்? நம்ம கடைக்கு இட்டுனு போறேன், கம்மியா முடிச்சித் தரேன்" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா, எத்திராஜ் வீட்டுக்கு."

"மண்ணு போட்ட பாவு எத்திராஜா? தெருவே அதத்தான் பேசிகினு கீது. எவனோ வேலூரு வாத்தியாராம் சார், ஐடியா குடுத்துட்டுப் பூட்டானாம்!"

இறங்கும்போது முப்பதாகக் கொடுத்தேன்.

எத்திராஜ் தறியில் உட்கார்ந்திருந்தார். தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த இழைகள், மூன்று புடவைக்கான பாவு. குங்குமச் சிவப்பு, ஐயாயிரம் இழைக்குக் குறையாது. கால்மிதியை ஒரு தடவை அழுத்தினார். மணல் சரிவதுபோல ஒரு சத்தம். ஏழெட்டு இழை அறுந்து சுருண்டது. முடிச்சுப் போட்டார். மறுபடி அழுத்தினார். இன்னும் பத்து இழை. மூன்று நாளாக இப்படித்தானாம். நெய்தது ஒரு சாண்கூட இல்லை.

"வாங்க சார், தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார் அவர் மனைவி மல்லிகா. நடந்ததைச் சொன்னதும் அவர்தான். அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டால், பத்து வீட்டுக்காரர்கள் கை கொடுக்க வருவார்கள். கஞ்சியில் விரலைத் தோய்த்துப் பார்ப்பார்கள். நகத்தை மூடி நின்றால்தான் அது கஞ்சி.

"நீங்க சொன்னது தண்ணியாட்டம் ஓடிச்சுங்க. இது இன்னாடா, பட்டுக்குக் கஞ்சியா, கோயில் தீர்த்தமான்னு எல்லாரும் சிரிச்சாங்க. இவரு உங்களுக்குப் போன் போட்டாரு. நீங்க வரும்னீங்க. நகத்துல நிக்கிற வரைக்கும் மண்ணப் போட்டாரு. மூணு பிடி."

"மூணு பங்குன்னு எழுதியிருந்தேனேம்மா."

"எழுதினீங்க. நாங்க பிடியில போடறவங்க சார்."

இது ஏன் கெடுத்தது என்று பிறகு எத்திராஜிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் களிமண் தகடு தகடாகப் பிரியும். ஒரு தகட்டின் கனம், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு கூறு. தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து பாலிமருக்குள் பரவி நின்றால், இழை மேல் படியும் மெல்லிய படலத்துக்கு நல்ல பலம். கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலையைப் பாகு பிடித்திருக்கும் வரை மிட்டாய் உறுதி. கடலை மிதமிஞ்சிப் போனால் பாகு எட்டாது, தொட்டதும் உதிரும். இங்கே தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின. காய்ந்த கட்டி ஒவ்வொன்றும், பட்டிழையை அறுக்கும் சிறு கல்.

எத்திராஜ் பொறுமையாகக் கேட்டார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாவு அவருடையது அல்ல. பட்டு வியாபாரி ஒருவர் நம்பிக் கொடுத்தது. இதைக் காப்பாற்றினால்தான் அடுத்த பாவு வரும். அது வராவிட்டால் தறி சும்மா நிற்கும். எத்திராஜ் விசைத்தறிக் கொட்டகைக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

தண்ணீரில் கரையும் பசைதானே, கழுவிவிடலாம் என்றேன். ஓரத்தில் இருபது இழையை வெட்டிக் குளிர்ந்த நீரில் போட்டோம். அரை மணி நேரம். மே மாத வெயிலில் இறுகிய படலம் ஊறியதே தவிர விடவில்லை. மல்லிகா வெந்நீர் வைத்தார். வெந்நீரில் விட்டது, கூடவே சாயமும் விட்டது. கிண்ணம் முழுக்கச் சிவப்பு. முழுப் பாவையும் இப்படிக் கழுவ முடியாது.

பதினொரு மணிக்கு வியாபாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். நானே முன்னால் போய், "தப்பு என்னுதுங்க. அவரு மேல ஒண்ணுமில்ல" என்றேன்.

"இருக்கட்டும் சார்" என்றார். "உங்க தப்புன்னே வெச்சிக்கலாம். நான் பட்ட உங்க கையிலயா குடுத்தேன்?" எத்திராஜ் பக்கம் திரும்பினார். "கொய்யா மரத்துக்கு மருந்து அடிக்கிற மாதிரி என் பாவுல அடிச்சுப் பாத்துகிறியே எத்திராஜ். ஒரு வார்த்த கேக்கலியே. ஜல்தியா அறுத்து எடு, தறிய ஏன் கெடுத்துகினு இருக்கணும்? அடுத்தது பின் தெருவுல குடுத்துட்டேன்."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எத்திராஜ் கத்தரிக்கோலை எடுத்தார். "நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாங்க, வலம் எடம் தெரியாம பிடிச்சா பேஜாரு" என்றார். அறுத்து எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐயாயிரம் இழையும் ஒரு கோணியில் அடங்கிவிட்டன. மல்லிகா தறியைத் துடைத்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார்.

பிற்பகலில் திருமலை சமணக் குகைகளைப் பார்ப்பதாக இருந்தேன். ஆரணியிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில்தான். போகவில்லை. 1.15 வண்டியில் வேலூர் திரும்பினேன். அடுத்த திங்கட்கிழமை எத்திராஜ் விசைத்தறிக்குப் போனார். இது நடந்து நாலு மாதம் ஆகிறது; இன்னும் அங்கேதான்.

ஆரணிக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். தெருவில் பாவு நீட்டியிருந்தால் ஓரமாக நடங்கள், மேலே காலோ பையோ படக்கூடாது. புகைப்படம் எடுக்குமுன் கேளுங்கள். தொழிலைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்டால், "தெரியவில்லை" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். என்னைப் போல் தெரிந்தவர்கள் என்றால், பதிலைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். பதினான்கு ரூபாய்தான், நேரில் போய்ச் சொல்லுங்கள்.

எத்திராஜின் பாவுக்கு நேர்ந்ததை வீட்டிலேயே பார்க்க, காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை நீர் விட்டு இரண்டு கிண்ணத்தில் கரைத்து, சலித்த களிமண்ணை ஒன்றில் ஒரு சிட்டிகையும் மற்றதில் மூன்று கரண்டியும் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூலைத் தோய்த்து வெயிலில் காயவைத்து, இரண்டையும் சுண்டுவிரலில் சுற்றி, எது உதிர்கிறதென்று பாருங்கள்.