பாஸ் லைட்டும் பொன்னுசாமி வீட்டு ஷட்டரும்

"ஏனுங்க, ஷட்டரு தன்னால தொறந்துக்குதுங்க. உள்ள கொரங்கு பூந்துருச்சு."

காலையில் பட்டறையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திய கையோடு வந்த போன் இது. பேசியவர் பொன்னுசாமி, கொல்லிமலையில் சோளக்காடு ஊருக்கு மேலே மிளகு விவசாயம் செய்பவர். முந்தின நாள்தான் அவருடைய புதுக் காரில் ஒரு வேலை செய்து அனுப்பியிருந்தேன். வீட்டுக் கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர் போட்டிருந்தார். அதன் ரிமோட்டை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவதே பிழைப்பாகிவிட்டது, அதைக் காரோடு சேர்த்தே பொருத்திக் கொடுங்கள் என்று மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"புது வண்டிங்க. டேஷ்போர்டுல ஓட்ட கீட்ட போட்றாதீங்க."

நான் என்ன சாதாரண ஆட்டோ எலக்ட்ரீசியனா? ரிமோட்டைப் பிரித்து, போர்டை டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து, ஒரு ரிலே வைத்து, பாஸ் லைட் ஒயரோடு கோத்துவிட்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் குச்சியை ஒருமுறை இழுத்தால் ஹெட்லைட் மின்னும், ஷட்டரும் திறக்கும். இன்னொரு தடவை இழுத்தால் அப்படியே நிற்கும். மூன்றாம் தடவை மூடும். ஓட்டை இல்லை, புது பட்டன் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அன்று மத்தியானம் பரோட்டா இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இப்போது அதே மூளை போனில் சாக்குத் தேடியது. "வோல்டேஜ் ஏறி எறங்கியிருக்கும்" என்றேன். எங்கள் தொழிலில் எதற்கும் முதல் பதில் இதுதான். பொன்னுசாமி சமாதானமாகவில்லை என்றதும், "அப்ப எவனோ சிக்னலத் திருடறானுங்க" என்று உளறிவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததும், அவர் மனைவி செல்லம்மா கேட்டுக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

பஸ் பிடித்து மலையேறிப் போனால், ரிமோட் ஷட்டருக்கு முன்னால் கையில் தடியோடு அந்தம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே காருக்கு விட்ட இடம் போக மீதியெல்லாம் காய்ந்த மிளகு மூட்டை, பலாப்பழம். இரண்டு பழத்தைக் குரங்கு பிய்த்துப் போட்டிருந்தது.

"வாங்க சாமி. ரிமோட்டு நீங்க போட்டீங்க, காவலு நான் இருக்கறேன்" என்றார். "பழம் போனாப் போகுது. மொளகு போச்சுன்னா எங்களுக்கு இந்த வருசமே போச்சுங்க."

மோட்டார், ரிசீவர், லிமிட் சுவிட்ச் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறை இருந்தால் தைரியம் வரும், இல்லாதபோதுதான் வியர்க்கும்.

"எப்பெப்பத் தொறந்துச்சுங்க?"

"நேத்துச் சாயங்காலம் பாதி தொறந்து நின்னுச்சு. இன்னிக்கிக் காலைல முழுசா" என்றார் பொன்னுசாமி. "ரெண்டு தடவையும் மூடிட்டு அப்பத்தான் வண்டிய எடுத்துட்டுக் கெளம்பினேனுங்க."

"பாத்தீங்களா? நீங்க கெளம்பறதப் பாத்துட்டுத்தான் தொறக்கறான்."

துப்பறியும் திறமையும் எனக்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. திட்டம் போட்டேன். நாங்கள் இருவரும் கிளம்புவதுபோலக் கிளம்ப வேண்டியது. செல்லம்மா தடியோடு பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியது. திருடன் வந்தால் ஒரே போடு.

ஷட்டரை மூடிவிட்டுக் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சைடு கண்ணாடியில் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கீழே முதல் கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ். கண்ணாடியில் ஷட்டர் மேலே ஏறியது.

"தொறக்கறான், தொறக்கறான்" என்று கத்தினேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பைக். ஷட்டர் பாதியில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. ஷட்டர் இறங்கத் தொடங்கியது. கண்ணாடியை விட்டு மெதுவாகத் திரும்பினேன். பொன்னுசாமியின் கை, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அந்தக் குச்சியை இழுத்துக்கொண்டிருந்தது. திருடன் என் பக்கத்து சீட்டில் இருந்தார். அவருக்கு ஆயுதம் செய்து கொடுத்தவன் நான்.

போன் அடித்தது. "ஆளே வரலீங்க. தொறந்து மூடுது" என்றார் செல்லம்மா. "மரத்தடியில எறும்பு கடிக்குது. நான் வெளிய வரட்டுங்களா?"

வரச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி விஷயத்தை விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த ஒரு வளைவுல மட்டும் லைட்டு அடிக்காம வாங்களேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பொன்னுசாமி கோபப்படவே இல்லை. "சரிங்க. பஸ்ஸு டிரைவருகிட்ட நீங்களே சொல்லிருங்க, நான் சத்தமில்லாம வாரேன்னு."

அன்றே ஒயரைப் பிரித்தேன். கியருக்கு முன்னால் கம்பெனிக்காரனே காலியாக விட்டிருந்த டம்மி பட்டன் இடத்தில் தனி சுவிட்சைப் பொருத்தினேன். ஓட்டை போடாமல் வேலை முடிய அந்த இடம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. செல்லம்மா தடியைக் கீழே வைத்துவிட்டு, குரங்கு தொடாத பலாப்பழம் ஒன்றைப் பிளந்து எனக்கு ஒரு தட்டு நிறையச் சுளை கொடுத்தார்.

கீழே சமவெளியில் நாங்கள் பாஸ் லைட் அடிப்பது யாரையாவது திட்டுவதற்கு. மலையில் அது 'வாரேன்' என்று சொல்வது. சொல்லாவிட்டால் உயிர் போகும். ஓட்டுகிறவருடைய கையைப் பார்க்காமல் ஒயரை மட்டும் பார்த்ததுதான் என் தப்பு.

இப்போதெல்லாம் மலை வண்டி எது வந்தாலும், வேலைக்கு முன்னால் ஓட்டுகிறவரோடு நாலு வளைவாவது போய் வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, நீங்களும் போங்கள். கஷ்டம் ஒன்றுதான்: வளைவுகளில் பயந்து மூடிக்கொள்ளாமல் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் அது வரவில்லை.