முப்பத்தைந்தரை வினாடி

லாயத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஐம்பது கிலோவைத் தாண்டாத உடம்பு என்பதால் எல்லாருக்கும் அவர் பஞ்சு. பத்தொன்பது வருடமாகப் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. விலா எலும்பு இரண்டு, மணிக்கட்டு ஒன்று, முன்பல் மூன்று என்று குதிரைகளிடம் தவணை முறையில் உடம்பைக் கொடுத்தவர். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். கடைசியாக விழுந்ததைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. பந்தயத்தின் கடைசி வளைவில், அவர் ஓட்டிய சீமாட்டி என்ற பெண்குதிரை முன்னால் போன குதிரையின் கால் தட்டிக் கவிழ்ந்தது. தோள் எலும்பு முறிந்து மண்ணில் கிடந்தவரின் தலையைச் சுற்றி, பின்னால் வந்த ஏழு குதிரைகளின் குளம்புகள் தடதடத்துவிட்டுப் போயின. எலும்பு கூடிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை. வீட்டில் மனைவியின் தையல் மெஷின் வேகமெடுத்தாலே எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவர் இருக்கும்போது மெதுவாக மிதிக்கப் பழகிக்கொண்டாள்.

பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "புதன்கிழமை காலையில ஒரு ஓட்டம் பாக்கறேன். சரியா இருந்தா ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துல சீமாட்டி உனக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சீமாட்டியின் முதுகில் முதன்முதலில் உட்கார்ந்தவர் பஞ்சுதான். அவளை இன்னொருவரிடம் விடுவதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. ஏறுவதை நினைத்தால் அந்தக் குளம்புச் சத்தம் கேட்டது.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினார்.

"நேத்துலேருந்து பேச்சே காணோம். பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன பயம்?"

"அப்ப சட்டையைக் கழட்டி நேராப் போடுங்க. தையல் வெளிய தெரியுது."

கழற்றினார். நேராகப் போட்டவர் பித்தானைத் துளை மாற்றிப் பூட்டினார். அவளே வந்து சரியாகப் போட்டுவிட்டாள்.

"குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம். நீங்க குழிக்கு அளவு குடுக்கப் போறீங்க."

"அவ தள்ளலடி. அவளுந்தான் விழுந்தா."

"அவளுக்கு நாலு காலு. எழுந்து நின்னுட்டா."

மைதானத்தில் பனிமூட்டம். பயிற்சியாளர் ஓட்டம் முடியும் கம்பத்தருகே கடிகாரத்தோடு நின்றார். குதிரைக்காரன் சீமாட்டியைப் பிடித்துக்கொள்ள, பஞ்சு ஏறினார். "முதல்ல நிதானமா போ. கடைசி அறுநூறு மீட்டர்ல அவளா எவ்வளவு போறாளோ விடு" என்பது உத்தரவு.

பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் நில் என்று அர்த்தமில்லை. அந்தப் பிடியில் வாயைச் சாய்த்து இன்னும் வேகமாக ஓடத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். அடங்க வேண்டுமென்றால் கை தளர வேண்டும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்தவர் பஞ்சு. சொன்னது வாய்தானே, கை இல்லையே.

அறுநூறு மீட்டர் கம்பத்தைத் தொடும்போது, பின்னாலிருந்து வேறேதோ குதிரைகளின் குளம்புச் சத்தம் பனிக்குள் கேட்டது. பஞ்சுவின் விரல்கள் தாமாக இறுகின. சீமாட்டி பாய்ந்தாள். அவர் பயந்து இழுத்தார். அவள் இன்னும் பாய்ந்தாள். புலிவாலைப் பிடித்த கதைதான். கம்பமும் பயிற்சியாளரும் எப்போது கடந்து போனார்கள் என்றே தெரியவில்லை. நிற்க வேண்டிய இடம் தாண்டியும் அவள் நிற்கவில்லை. அவளுடைய காதுகள் இரண்டும் பின்னுக்கு மடங்கி அவர் பக்கமே திரும்பியிருந்தன. தன் முதுகில் இருப்பதைக் கண்டு மிரண்டுதான் அவள் ஓடுகிறாள் என்பது அப்போது அவருக்கு உறைத்தது.

கையைத் தளர்த்து என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கை கேட்கவில்லை. சுண்டுவிரலை முதலில் பிரித்தார். அப்புறம் அடுத்தது. மூன்றாவது விரல் விடும்போதுதான் அவள் மூச்சு மாறியது. அரை மைதானம் தாண்டி நடைக்கு வந்து, உடம்பெல்லாம் நுரையோடு நின்றாள். பஞ்சு இறங்கவில்லை. குனிந்து அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

குதிரைக்காரன் ஓடி வந்தான். "அண்ணே, வாயில ரத்தம்."

பஞ்சு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க வாயில இல்லண்ணே. அவ வாயில."

அதற்குள் பயிற்சியாளரும் வந்துவிட்டார். முகமெல்லாம் பல். "முப்பத்தஞ்சரை வினாடி! நாலு மாசம் கட்டில்ல கெடந்தியா, இல்ல பறக்கக் கத்துக்கிட்டியா? ஞாயித்துக்கிழமை உனக்குத்தான்யா!"

பனியில் பயிற்சியாளர் பார்த்தது கடிகாரத்தை மட்டும்தான். குதிரைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு சீமாட்டியின் வாயைத் துடைத்தான். ரத்தத்தைப் பற்றி அவன் சொல்லப் போவதில்லை. பஞ்சுவும் சும்மா இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு குதிரைகள். அத்தனை குளம்புச் சத்தத்துக்கு நடுவே இந்தக் கை மறுபடி இறுகினால் அவள் கண்மண் தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துவிடுவாள். விழுந்தால், போன தடவை மாதிரி எழுந்து நிற்பாள் என்பது என்ன நிச்சயம்? காலொடிந்த குதிரையை என்ன செய்வார்கள் என்று அவர் நேரில் பார்த்தவர்.

"சார், அது நான் ஓட்டினது இல்ல."

"என்னது?"

"பிச்சுக்கிட்டுப் போயிட்டா. நான் பயத்துல இழுத்துப் புடிச்சேன்."

பயிற்சியாளர் சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏன்யா இதை எங்கிட்டச் சொல்றே? நல்லாத்தானே இருந்தேன்?" என்று எரிந்து விழுந்தார். சீமாட்டியின் வாயை விலக்கிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஞாயித்துக்கிழமை வேற ஆளு. நீ நாளையிலேருந்து இவளை நடக்க விடு. அவ்வளவுதான் இப்போதைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி வெட்டிக்கொண்டிருந்த துணிமேல் இன்னும் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை அவர் பார்க்கக் கூடாதே.

"நாளைக்கு நடைதான்" என்றார் பஞ்சு.

கத்தரிக்கோல் நின்றது. "அது மேல ஏறித்தானே?"

"ஏறித்தான்."

"விழமாட்டேன்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

பஞ்சு கீழே கிடந்த துண்டுத்துணியை எடுத்து மடித்தார்.

"மெதுவாப் போவேன்" என்றார்.