தண்ணீர் பிடிக்க டிஜோனில் இறங்கியவர்

பாரிஸில் லியோன் ரயில் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. லியோன் வேறு ஊர். அந்தப் பக்கம் போகும் வண்டிகள் அங்கிருந்து கிளம்புவதால் அந்தப் பெயர். 1985 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டே காலுக்குக் கிளம்பும் லோசான் வண்டிக்காக நானும் என் கணவர் தேவசகாயமும் பத்து மணிக்கே அங்கே போய் நின்றோம். அவர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்காவிட்டால் அவருக்கு மனசு ஆறாது.

அவர் அந்த ஊர்ப் பக்கம் குஷாய்குடாவில் உள்ள அரசு மின்னணுத் தொழிற்சாலையில் என்ஜினியர். ஆறு மாதப் பயிற்சிக்காக அவரைப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அங்கேயே மல்காஜ்கிரியில் பள்ளி ஆசிரியை. ஆசிரியைச் சம்பளத்தில் பாரிஸ் பார்க்க முடியுமா? என் தங்கை ரூத் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். அவள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். நான் முதலில் பாரிஸில் இறங்கி இவரோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பிறகு இருவருமாக ரூத்திடம் போய் ஒரு வாரம் தங்கி மலை பார்ப்பதாக ஏற்பாடு.

நான் வந்து சேர்ந்த பிறகுதான் ரூத்தின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். போனில் அதையும் ஏதோ வேறொரு நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எங்கள் பயணத்தின் நோக்கம். மலை அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

வண்டி பிளாட்பாரத்துக்கு வந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், முன்புறம் கூர்மையான மூக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் 'தே ஜே வே' என்கிறார்கள். அதிவேக வண்டி என்று அர்த்தமாம். இவர் வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பெட்டிக் கதவுகளைத் தடவிப் பார்த்தார். எங்கள் பெயர் போட்ட ரிசர்வேஷன் சார்ட்டைத் தேடுகிறாராம். எந்தக் கதவிலும் ஒரு தாள்கூட ஒட்டவில்லை. "பேரே ஒட்டல, எப்படி நம்பி ஏறுதது?" என்றவர் முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒரு ரயில்வே பெண் எங்கள் சீட்டைப் பார்த்து முன்பக்கத்துப் பெட்டி ஒன்றில் ஏற்றிவிட்டாள். நடந்து வரும்போது, வண்டியின் நடுவில் இரண்டு எஞ்சின்கள் மூக்கோடு மூக்கு ஒட்டி நிற்பதைப் பார்த்தோம். கனமான வண்டி, எஞ்சின் நிறைய வேண்டியிருக்கும்போல என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்கு நகர்ந்தது. சங்கு ஊதவில்லை, குலுக்கல் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டியதும் வேகம் எடுத்தது பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை எண்ணலாம் என்று பார்த்தால் அதற்குள் அடுத்த மந்தை வந்துவிடுகிறது. மணிக்கு 260 கிலோமீட்டர் என்று இவர் சொன்னார். செகந்திராபாத்தில் கிளம்பிய நம் வண்டி காஜிப்பேட்டையைத் தொடுவதற்குள் இந்த வண்டி விஜயவாடாவையே தாண்டியிருக்கும். பாரிஸிலிருந்து லோசான் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாலு மணி நேரம்கூட ஆகாதாம். நம் மெட்ராஸ் வண்டியில் அந்த நேரத்துக்குள் படுக்கை விரித்து முடித்திருப்போம், அவ்வளவுதான்.

எதிர் இருக்கையில் லோசானைச் சேர்ந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியை. என்னைப் போல அவருக்கும் ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. தங்கையின் ஆபரேஷனைச் சொன்னேன். அவர் என் கையைத் தொட்டு, "அந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி" என்றார்.

எனக்குத் தாகம் எடுத்தது. இவர் நடுப்பெட்டியில் இருந்த சிற்றுண்டிக் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். ஒரு பாட்டில் தண்ணீர் ஆறு பிராங்க்.

"தண்ணிக்கு ஒம்பது ரூவாயா? நக்கோ, வேண்டாம். அடுத்த ஸ்டேஷன்ல பிடிச்சுக்கிடலாம்" என்றார்.

நம் ஆண்கள் ரயிலில் போனால் எந்த ஸ்டேஷனிலும் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி நிற்பதற்குள் ஒரு கால் பிளாட்பாரத்தில் இருக்கும். கூஜாவை நிரப்புவார்கள், சும்மா நாலு பக்கமும் பார்ப்பார்கள், வண்டி நகர ஆரம்பித்த பிறகு கையில் கிடைத்த பெட்டியில் ஏறி, உள்ளுக்குள்ளேயே நடந்து, நமக்கு உயிர் போய்த் திரும்பிய பிறகு சிரித்துக்கொண்டே வருவார்கள். இவர் இந்த வித்தையில் மன்னன்.

ஏறக்குறைய இரண்டு மணிக்கு டிஜோன் வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலோடு இறங்கினார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும். பிளாட்பாரத்தில் குழாயைத் தேடிப் பின்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தார். விசில் சத்தம் கேட்டது. ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் ஓடி வந்து கடைசிப் பக்கத்துக் கதவொன்றில் ஏறிவிட்டார். கதவுகள் தானாக மூடிக்கொண்டன. சரி, நடந்து வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஆள் வரவில்லை. எழுந்து ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப் போனேன். கடைசிப் பெட்டியின் கோடியில் சுவர்தான் இருந்தது. அதற்கு அப்பால் வழி இல்லை. திரும்பி வந்து அந்த ஆசிரியை அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இது இரண்டு வண்டி அம்மா. சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். நாம் இருப்பது லோசானுக்கு. பின்னால் இருப்பது பெசான்சோன் என்ற வேறு ஊருக்கு. அடுத்து டோல் என்ற ஊரில் கழற்றிவிடுவார்கள்."

எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும், சுவிஸ் விசாவும், டிக்கெட்டும், ரூத்தின் வீட்டு விலாசமும் அவர் கோட்டின் உள்பையில். என்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவேன் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டது. டோலைத் தாண்டிவிட்டால் நான் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையில் இறக்கப்படுவேன். அவர் பெயர் தெரியாத ஊரில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். ரூத் தனியாக ஆபரேஷன் அறைக்குப் போவாள். என்ன மனுஷன் இவர் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அந்த அம்மாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிக்கெட் பரிசோதகரிடம் நிறுத்தினார். மீசை வைத்த, அவசரப்படாத மனிதர். பின்வண்டியிலும் ஒலிபெருக்கி கேட்கும் என்றார். கணவர் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் ஒலிவாங்கியில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், நடுவில் இவர் பெயரை நாலு துண்டாக உடைத்துப் போட்டார். பெற்ற தாயே கேட்டிருந்தாலும் தன் பிள்ளை என்று கண்டுபிடித்திருக்க மாட்டாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அது எனக்கே புரியவில்லை.

"நீங்களே பேசுங்கள்" என்றார் ஆசிரியை அம்மாள். பரிசோதகர் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இத்தனை பேர் கேட்க இப்போது தொடங்கவும் மனம் வரவில்லை.

"ஏங்க, நான்தான் பேசுதேன். நல்லா கேட்டுக்கோங்க. நீங்க ஏறுனது வேற வண்டி. நடுவுல வழி கிடையாது. அடுத்த ஸ்டேஷன்ல ரெண்டையும் பிரிச்சிருவாங்களாம். வண்டி நின்னதும் இறங்கி முன்னால ஓடி வாங்க. ஜல்தி வாங்க. தண்ணி கிண்ணி பிடிக்க நிக்காதிய."

அந்த வண்டி முழுவதிலும் 'ஏங்க' என்றால் திரும்பிப் பார்க்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் தூங்காமல் இருக்க வேண்டுமே என்று ஜெபம் செய்துகொண்டு கதவருகில் நின்றேன்.

டோலில் கதவு திறந்தது. நான் இறங்கக் கூடாது என்று பரிசோதகர் கையைக் காட்டிவிட்டு, அவரே படியில் ஒரு காலும் பிளாட்பாரத்தில் ஒரு காலுமாக நின்றார். முதலில் அவரைக் காணோம். ஒரு கிழவர் பெட்டியை இறக்கினார். இரண்டு பெண்கள் ஏறினார்கள். அப்புறம் பிளாட்பாரத்தின் மறு கோடியில் என் கணவரின் நீலக் கோட்டு தெரிந்தது. டை தோளுக்குப் பின்னால் பறக்க ஓடி வந்துகொண்டிருந்தார். பாட்டில் கையில் இருந்தது, காலியாக. பின்வண்டி ஜன்னல்களில் முகங்கள். சிலர் கை தட்டினார்கள். பரிசோதகர் அவர் கையைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டார்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "சுவர் வந்துச்சு எஸ்தர். தட்டிகூடப் பாத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பேசுனதும் எல்லாரும் என்னையே பாத்தாங்க. எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றார். கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது. அப்போதுதான் அழுதேன். ஆசிரியை அம்மாள் தன்னுடைய தண்ணீரை எனக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு வண்டி மலை ஏறியது. வேகமும் குறைந்தது. இருபுறமும் கறுத்த ஊசியிலை மரங்கள். நீளமான ஒரு குகை, அது முடிந்ததும் வலோர்ப், சுவிட்சர்லாந்து. இரண்டு அதிகாரிகள் பெட்டிக்குள்ளேயே வந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, முத்திரை குத்தி, நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வந்தாயிற்று. பம்பாயில் விமானம் ஏறுவதற்குள் நான் நின்ற வரிசைகளை நினைத்துக்கொண்டேன்.

நாலு மணி சுமாருக்கு லோசான். பிளாட்பாரத்தில் ரூத்தே நின்றுகொண்டிருந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய சிறிய பெட்டியோடு. மெலிந்திருந்தாள். "இங்கேர்ந்து நேரா போயிரலாம்க்கா, ஆறு மணிக்குள்ள சேரணும்" என்றாள். அவளை நான் விடவே இல்லை. மூவருமாக டாக்சியில் போனோம்.

மறுநாள் வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான் காத்திருந்தோம். செகந்திராபாத்தாக இருந்தால் சபையே திரண்டு வந்திருக்கும். ஆளுக்கொரு பிளாஸ்க் காபி, பாஸ்டர், ஜெபம், நடுவில் ஊர் வம்பு. இங்கே சத்தமே இல்லை. பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, அது கெட்டதில்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் சொன்னார்.

மத்தியானம் ரூத் கண்ணைத் திறந்தாள். அவளோடு வேலை பார்க்கும் சுவிஸ் நர்ஸ் ஒருத்தி குனிந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். ரூத் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் பேசிய பிரெஞ்சு எங்கே போயிற்றோ.

"நக்கோ ரோக்கா" என்றாள். அழாதே அக்கா என்பதை எங்கள் வீட்டில் செகந்திராபாத் உருது கலந்து அப்படித்தான் சொல்வோம். பிறகு உதட்டை நனைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

வலிக்கிறது என்கிறாளா என்று அந்த நர்ஸ் கவலையோடு என்னை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை," என்றேன். "தன் வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருக்கும் அத்தானுக்கு யாராவது சாப்பாடு போட்டார்களா என்று கேட்கிறாள்."