ஹுன்னஸ்கிரியவில் என்னை வேறு யாரோ என்று நினைத்தார்கள்

கண்டிக்கு மூன்று நாள் போகலாம் என்று கணவர் சொன்னபோது, ஓய்வெடுக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். கிளிநொச்சியில் இருந்து வந்து இறங்கிய அன்றே தலதா மாளிகை, வாவியைச் சுற்றி ஒரு நடை, பேராதனைப் பூங்கா என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். அறைக்குத் திரும்பியபோது எதை எங்கே பார்த்தேன் என்பதே எனக்குக் குழம்பிப் போயிருந்தது.

மறுநாள் காலை ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ் ஏறினோம். தேயிலை மலைகளில் நடப்பதுதான் அன்றைய திட்டம். முதல்நாள் கண்டிச் சந்தையில் வாங்கிய நீல மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போனார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஒரு நீலக் கோட்டு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க அதன் பின்னால் நடந்தேன்.

கோட்டுக்காரர் திரும்பினார். என் கணவர் இல்லை. மீசை வைத்த யாரோ ஒருவர்.

"வாங்க, வாங்க. இவ்வளவு நேரம் ரோட்டுலதான் நின்னு பாத்தேன். கிளிநொச்சியில இருந்து வந்தவங்கதானே?"

"ஓம்."

"மத்தவங்க?"

"அவர் முன்னால போயிட்டார். ஆளைக் காணேல்ல."

"வந்துருவாங்க, ஒரே பாதைதான். நடங்க, மழை வரப்போகுது."

கணவர் வழியில் இவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். இல்லாவிட்டால் என் ஊர் எப்படித் தெரியும்?

கோட்டுக்காரர் கூட்டிப்போன, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் கதிரைகளுக்கெல்லாம் புதுத்துணி விரித்திருந்தார்கள். தட்டில் கேசரி வந்தது. பெண்கள் சேறு படிந்த என் சப்பாத்தையும் காற்சட்டையையும் பார்த்தார்கள். கணவரை அங்கே காணவில்லை. போனிலும் சிக்னல் இல்லை. மற்றவர்கள் வருகிறார்களா என்று பார்க்க எல்லோரும் வாசலுக்குப் போன நேரத்தில், பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "கட்டுகஸ்தோட்டையில எனக்கு வேலை கிடைச்சு ஆறு மாசந்தான் ஆகுது. அத விட்டுட்டு அங்க வர எனக்கு விருப்பமில்ல. பொண்ணு பிடிக்கலன்னு நீங்களே சொல்லிருங்க."

அது பெண்பார்க்கும் வீடு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேநீரைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, நான் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்ல. கண்டி பாக்க வந்தனான்."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. நான் மேற்கொண்டு ஏதும் சொல்வதற்குள் உண்மையான மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், மனைவியைக் கண்டீர்களா என்று கேட்டபடி என் கணவரும் வந்தார். நீலக் கோட்டுக்காரர் பெண்ணின் தாய்மாமனாம். அவர் என்னையும் கணவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, இருந்து சாப்பிட்டுட்டே போங்க," என்றார்.

எழுந்து போய்விடுவதா, இருப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னதை அவளுடைய தாயிடம் சொல்வதா, அந்நியளான எனக்கு அதில் என்ன வேலை என்று விட்டுவிடுவதா என்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்களும் நம்ம ஊர்தானாமே. முன்னாடியே வந்து பேசிக்கிட்டு இருந்தீங்களாம். புள்ள எப்படி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்ல பிள்ளை," என்றேன். பிறகு வாய் தானாகவே, "அவவிட்டயும் ஒருக்கால் கேளுங்கோ," என்றது.

மாப்பிள்ளையின் தாய் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, உனக்குச் சம்மதந்தானே?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு வேலைய விட முடியாது," என்றாள். அவளுடைய அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை இருமினான். அவனுக்கு அது வருத்தமா ஆறுதலா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்பவே சொன்னது நல்லது," என்றார் அவனுடைய தாய். ஆனால் கேசரியை அவர் தொடவில்லை.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார்கள். கணவர் என் காதருகே குனிந்து, நாளைக்கு உடவத்தக் காட்டுக்குப் போவோமா என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்றே விளங்காமல் ஓம் என்றேன். நான் செய்தது உதவியா உபத்திரவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.